பள்ளத்தாக்கில் இறங்கும் சாலை

கென்யத் தலைநகர் நைரோபியிலிருந்து நைவாஷா, நகுரு ஆகிய ஏரிக்கரை ஊர்களுக்குப் போக மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. நகுருவரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அகலமும் வேகமும் மேல் சாலைக்கு. அழகு மை மஹியு வழியாக இறங்கும் பழைய சாலைக்கு.

லிமுருவின் தேயிலைக் குளிரைத் தாண்டியதும் தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு, எதிரே லொங்கோனோட் எரிமலை. இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட இத்தாலிய வீரர்கள் அமைத்த சாலை இது. வளைவோரம் அவர்கள் 1942-இல் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் இன்றும் நிற்கிறது. உகாண்டா செல்லும் லாரிகள் கியர் மாற்றி முனகும். மலையோரக் கடைகளில் ஆட்டுத்தோல் தொப்பிகள் தொங்கும். சுட்ட சோளத்தின் வாசம் வண்டிக்குள்ளேயே வரும்.

பிறகு ஏரிகள். நைவாஷாவில் நன்னீர், அதை நம்பித்தான் ஐரோப்பாவுக்குப் போகும் ரோஜாக்கள் வளர்கின்றன. அதே பள்ளத்தாக்கில் சற்றுத் தள்ளி எல்மெண்டைட்டாவிலும் நகுருவிலும் உவர்நீர். நைவாஷாவுக்கு வெளியே தெரியும் வடிகால் இல்லை, ஆனால் நீர் நிலத்தடியில் கசிந்து உப்பையும் கொண்டுபோய்விடுகிறது. மற்ற இரண்டிலும் உப்பு தங்கி, பாசி வளர, பூநாரைகள் வருகின்றன.

அவசரமில்லாதவர்கள் கீழ்ச் சாலையில் போகட்டும். இடப்பக்க ஜன்னல் இருக்கையைப் பிடிக்கட்டும்.