டோலுக்கு முன்னே... டோலுக்குப் பின்னே!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பத்துப் பன்னிரண்டு தறிகளுக்குப் பாவு கொடுத்துப் பட்டுப்புடவை நெய்து வாங்குகிற அண்ணன் ஒருவர், போன வாரம் வழவழவென்று ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். பழைய மாமல்லபுரம் சாலையில், நாவலூர் பக்கம் வரப்போகிற ஒரு ஆபீஸ் கட்டடத்தின் விளம்பரம். கொஞ்சம் இடம் வாங்கிப் போட்டால், மாசாமாசம் வாடகை வீடு தேடி வருமாம்.

'தம்பி, நீ பி.காம். படிச்சவன்தானே... பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கிற பணம். போடலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு' என்றார். நாவலூர் மேல் அவருக்குத் தனிப் பாசம் வேறு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டம்தானே!

புத்தகத்தை முழுசாகப் படித்தேன். கடல் காற்று இருக்கிறது. கண்ணாடிச் சுவர் இருக்கிறது. 'சென்னையில் ஆபீஸ் இடத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது பொய்யில்லை. வெளிநாட்டு கம்பெனிகள் தங்கள் சொந்த மையங்களை இங்கே திறப்பது நிஜம்தான். ஆனால், அண்ணன் வாங்கப்போவது சென்னையை அல்ல. ஒரு மாடியில், ஒரு மூலையை!

இந்த 'சென்னை' என்கிற சராசரியில்தான் வில்லங்கமே. ரியல் எஸ்டேட் ஆலோசகர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த ஒரே சாலையை இரண்டாக வெட்டித்தான் பேசுவார்கள். டோலுக்கு முன்னே, டோலுக்குப் பின்னே! தரமணி, பெருங்குடி எல்லாம் முன்னே. அங்கே வாடகை அதிகம், காலி இடம் குறைவு. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எல்லாம் பின்னே. அங்கே வாடகை குறைவு, காலி இடம் அதிகம். இதில் வேடிக்கை, பெருங்குடியில் டோல் வசூலை 2021 ஆகஸ்ட் கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கோடு அழியவில்லை. விளம்பரப் புத்தகத்தில் மட்டும் அந்தக் கோடு கிடையாது.

ஏன் இப்படி? 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2008-ல் ஆறுவழிச் சாலைக்கு ராஜீவ் காந்தி பெயர் வைத்தார்கள். நடுவில், 2005-ல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம். வரிச்சலுகை உண்டு என்றதும் ஆளாளுக்குக் கட்டினார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்குகிற கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை என்றாகிவிட்டது. மண்டலத்துக்கு வெளியே இருக்கிற கம்பெனிக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடவும் முடியாது. கூடவே கொரோனா. மாடி மாடியாக விளக்கு அணைந்தது. வேண்டாத மாடியை மட்டும் மண்டலத்திலிருந்து விடுவித்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றியது 2023 டிசம்பரில்தான்.

கல்லூரியில் எங்களுக்குத் தேவை, அளிப்பு என்று இரண்டு கோடு போட்டுக் காட்டினார்கள். விலை இறங்கினால் வாங்க ஆள் வரும், அவ்வளவுதான். பெரிய கட்டடம் எழும்ப மூன்று நான்கு வருடம் ஆகும் என்பது அந்தப் படத்தில் இல்லை. நல்ல காலத்தில் அஸ்திவாரம் போடுவார்கள். கிரகப்பிரவேசம் கெட்ட காலத்தில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இல்லை. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பெரிய செலவு சம்பளம்தான், வாடகை அல்ல. சதுர அடிக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று போய், ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன லாபம்? பறக்கும் ரயில் தரமணி, பெருங்குடி என்று எட்டிப்பார்த்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குத் தெற்கே ரோடுதான் கதி. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல், 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்றன அந்தச் சாலையில் இருந்த சில கம்பெனிகள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நிறைய வந்தது, வேறு மாதிரி! பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம். மழை நீர் போய்ச் சேரவேண்டிய இடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு மழையைத் திட்டுகிறோம்.

மெட்ரோ வந்தால் கதை மாறலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கி.மீ. வழித்தடத்துக்கு வேலை நடக்கிறது. ஆனால், வரப்போகிற ரயிலின் விலையையும் சேர்த்து இன்றைக்கே உங்களிடம் வாங்கிக்கொள்கிறார்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன். 'நாலே கேள்வி கேளுங்கண்ணே. வாடகைக்கு வரப்போற கம்பெனி எது, எத்தனை வருஷ ஒப்பந்தம்? ஆள் வராட்டியும் வாடகை தருவோம்னா, அது யார் காசு? நீங்க கொடுத்ததையே பிரிச்சுத் தர்றாங்களா? முழு மாடி கேக்கிற கம்பெனி உங்க ஐந்நூறு சதுர அடியை மட்டும் எடுக்குமா? தண்ணி எங்கேருந்து வருது? அப்புறம்... ஆர்டர் இல்லாம ஒரு தறிக்காவது நீங்க பாவு கொடுப்பீங்களா?'

'அது அஞ்சாவது கேள்வி' என்றார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புத்தகத்தை எடுத்து, அட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

'நல்ல கெட்டி அட்டை தம்பி. புடவை மடிப்புக்குள்ள வைக்க ஆகும்.'