பகலில் நடக்கத் தெரிந்தவர்

“நடக்க ஆரம்பிச்சிட்டாராம்.” நெடுந்தூர ஓட்டத்தைப் பின்தொடரும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. ஓட்டக்காரருக்கு உதவியாக க்ரூவில் போன நண்பர் இந்த ஒரு வரியைப் போட்டதும் இரங்கல் கூட்டம் தொடங்கிவிடும். ‘அவ்ளோதான், பஞ்சர்’ என்பார் ஒருவர். ‘அப்பவே சொன்னேன், லாங் ரன் பத்தலைன்னு’ என்பார் இன்னொருவர். நம் புதுச்சேரிக் கொம்யூன் பக்கத்து ஓட்டக்காரர் ஒருவருக்கும் இதே மரியாதைதான் நடந்தது. டிசம்பரில் தார் பாலைவனத்தில் ஜெய்சால்மரிலிருந்து லோங்கேவாலா போகும் நூறு மைல் ஓட்டத்தில் இருபதாவது கிலோமீட்டருக்குள்ளேயே அவர் நடந்தார். மூச்சு சீராக இருந்தது, காலில் ஒரு வலியும் இல்லை. அப்படியும் நடந்தார். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஊசுடு ஏரிக்கரையில் அவரை நிம்மதியாக ஓடவிடமாட்டீர்கள்.

யார் எத்தனை மணி நேரத்தில் முடித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். நான் பேச வருவது அந்த ஒரு முடிவைப் பற்றி மட்டும். கால் நன்றாக இருக்கும்போதே, வெயில் இருக்கும்போதே, ஆட்கள் தாண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டே நடப்பது. இதைத் தளர்ச்சி என்று படிப்பவர்கள் ஒரு பக்கம். ‘ரெஸ்ட் எடுக்கிறார், நல்ல ஸ்ட்ராட்டஜி’ என்று பெருந்தன்மையாகத் தலையாட்டுபவர்கள் இன்னொரு பக்கம். என்னைக் கேட்டால் இரு தரப்புக்குமே பிடிபடவில்லை. அவர் ஓய்வெடுக்கவில்லை. ராத்திரிக்கு வேண்டிய ஓட்டத்தைப் பகலிலேயே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் மாத ஜெய்சால்மரை நாம் பாலைவனம் என்ற பெயரை வைத்தே கற்பனை செய்கிறோம். பகல் வெப்பம் 25 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். பாகூரில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு சைக்கிளில் போகிறவருக்கு அது ஒரு வெயிலே இல்லை. அங்கே ஆளைச் சாய்ப்பது ராத்திரி. விடியற்காலையில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். தடுக்க ஒரு மரமும் இல்லாத வெளியில் காற்று வேறு. மார்கழியில் 21 டிகிரிக்கே மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் நம்முடையது.

ஓடுகிற உடம்பு ஓர் அடுப்பு. தின்றதை எரித்து வரும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் காலை முன்னே தள்ளுகிறது. மீதியெல்லாம் சூடாக வெளியேறுகிறது. கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்பது ஓட்டக்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. 65 கிலோ ஆள் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் 650 கலோரி. மணிக்கு ஆறு கி.மீ. நடந்தால் அதில் பாதி அளவுதான். பகலில் இந்தக் கணக்கு நடப்பவருக்குச் சாதகம்: சூடு குறைவு, வியர்வை குறைவு, செலவு குறைவு. ராத்திரியில் அதே கணக்கு தலைகீழாகிறது. இரவு இரண்டு மணிக்கு நடக்கிற உடம்பில் அடுப்பு பாதிதான் எரியும், குளிர் ஏறும், தசை விறைக்கும், விறைத்தால் இன்னும் மெதுவாக நடக்க வேண்டிவரும், இன்னும் குளிரும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள்தான் போர்வையைச் சுற்றிக்கொண்டு க்ரூ வண்டியில் ஏறுகிறார்கள். ஓட்டத்தை முடிக்காதவர்களின் (டிஎன்எஃப்) பட்டியலில் காரணம் ‘முழங்கால்’ என்றோ ‘வயிறு’ என்றோ இருக்கும். எனக்கென்னவோ, பாதிப் பேரை வீழ்த்தியது பகல் மூன்று மணிக்கு அவர்கள் ஓடிய வேகம் என்றுதான் படுகிறது.

நூறு மைல் என்பது 161 கி.மீ. இருபத்தெட்டு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்குச் சராசரியாக மணிக்கு 5.75 கி.மீ. போதும். அது வேகநடைக்குள் அடங்கிவிடுகிற எண். ஆனாலும் துவக்கக் கோட்டில் நிற்கும்போது அதை யாரும் நம்புவதில்லை.

நம்மவர் செய்தது இவ்வளவுதான்: இருபது நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை. ஓட்டம் மணிக்கு எட்டு, நடை மணிக்கு ஆறு என்று வையுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டரில் இதனால் அவர் இழப்பது சுமார் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் எத்தனை பேர் தாண்டிப்போவார்கள்! புகைப்படத்தில் அவர் பின்னாடி, பட்டியலில் இன்னும் பின்னாடி, குழுவில் இரங்கல். இப்போது நடு இரவுக்குப் பிறகான இருபது கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விறைத்த காலோடு மணிக்கு நாலு கி.மீ. நடப்பவருக்கு அது ஐந்து மணி நேரம். ஆறரை கி.மீ. வேகத்தில் தத்தித் தத்தியாவது ஓடுபவருக்கு மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம். இருபது நிமிடத்தைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தை வாங்குகிற வியாபாரம் இது. ஏரித் தண்ணீரைத் தை மாதமே மதகைத் தூக்கி மொத்தமாகத் திறந்துவிடுகிற விவசாயியைப் பாகூரில் யாரும் வீரன் என்று சொல்லமாட்டார்கள். ஓட்டக்காரனை மட்டும் சொல்கிறோம்.

நம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் இந்தத் தவற்றை மற்றவர்களைவிட எளிதாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆறு கிலோமீட்டரிலேயே பனியன் நனைந்து, மூச்சு இரைத்து, உடம்பே ‘மெதுவா போப்பா’ என்று சொல்லிவிடும். தார் பாலைவனத்தின் வறண்ட காற்றில் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. வியர்வை தோலுக்கு வந்த கணமே பறந்துவிடுகிறது. சட்டை காய்ந்திருக்கிறது, உடம்பு லேசாக இருக்கிறது, ‘இன்னைக்கு நல்லா போகுது’ என்று தோன்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கலோரிச் சூட்டைக் கொண்டுபோகும். அவ்வளவு அருமையான குளிர்சாதனம் அங்கே இலவசம். ஆனால் போன லிட்டர் போனதுதான். காய்ந்த சட்டையைப் பார்த்து எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தோலில் படிந்த உப்பை விரலால் தடவிப் பார்த்தால்தான் உண்டு.

சரி, அதற்காகக் குடித்துக்கொண்டே இருக்கலாமா என்றால் அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். அது வெறும் 42 கிலோமீட்டர். வயிறும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழுத்துக்கொள்ளத் திணறும். வேகமாக ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விட, வயிற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நடக்கிற ஐந்து நிமிடத்தில் வயிற்றுக்குத் தன் பங்கு ரத்தம் திரும்பக் கிடைக்கிறது. நம்மவர் அந்த ஐந்து நிமிடங்களில்தான் சாப்பிட்டார். ஜெல் அல்ல, புளிசாதம். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எழுபதாவது கிலோமீட்டரில் ஜெல் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குமட்டிக்கொண்டு நின்றார்கள் என்று க்ரூ நண்பர் சொன்னார். இதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

பாலைவன ஓட்டம் என்றதும் நம் பையன்கள் சங்கராபரணி வற்றுகிற மாதங்களில் ஆற்று மணலில் இறங்கி ஓடுகிறார்கள். கணுக்காலுக்கு நல்லதுதான். ஆனால் லோங்கேவாலா போகிற பாதை பெரும்பாலும் தார்ச்சாலை! மணல் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கும். அங்கே போய் ‘மணலே வரலையே’ என்று ஏமாந்தவர்கள் உண்டு. மணல் பயிற்சியைவிட நமக்குத் தேவை இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் போகிற பயிற்சி. அதற்கு நமக்கு வாய்க்கிற காலமும் மோசம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கடைசிக்கட்ட நீண்ட ஓட்டங்கள் வந்து விழுகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கம் புகுந்தபோது ஏரிக்கரையாவது, ஓட்டமாவது. ராஜஸ்தான்காரருக்கோ டெல்லிக்காரருக்கோ இந்தத் தொல்லை இல்லை. நம் ஆட்களின் நேரத்தை அவர்களுடையதோடு ஒப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஒருபக்கச் சார்பு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடையைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் இந்த விளையாட்டின் பிறப்பையே மறந்துவிடுகிறார்கள். மொராக்கோவில் நடக்கும் மாரத்தான் தே சாப்ல் இன்று பாலைவன ஓட்டங்களின் தாய்வீடு. ஏறக்குறைய 250 கி.மீ., பல நாள், அத்தனை நாள் உணவையும் முதுகில் சுமந்துகொண்டு. அதைத் தொடங்கிய பத்ரிக் பௌவர் 1984-இல் சஹாராவில் சுமார் 350 கி.மீ. தூரத்தைத் தன்னந்தனியாக நடந்து கடந்தவர். அந்த நடையிலிருந்துதான் 1986-இல் முதல் போட்டி வந்தது. அதே போட்டியில் 1994-இல் மணற்புயலில் வழிதவறிய இத்தாலிக்காரர் கதையை எல்லோரும் சொல்கிறோம், இந்த நடையை யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் பேட்வாட்டர் ஓட்டம் 217 கி.மீ., ஜூலை மாதம், மரணப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கும் கீழே தொடங்கி மலையில் முடிகிறது. அந்த ஏற்றங்களில் முன்னணி ஆட்களும் நடக்கிறார்கள். லடாக்கின் லா அல்ட்ரா ஓட்டத்தில் 5,000 மீட்டருக்கு மேலே கணவாயில் நடக்கலாமா என்று யாரும் கேட்டதே இல்லை. நுரையீரலே முடிவு செய்துவிடும்.

இனி ஆரூடம். தவறினால் அடுத்த ஆண்டு இந்தப் பத்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்து காட்டுங்கள்.

வரும் டிசம்பரில் தார் பாலைவனத்தில் சூரியன் மறையும்போது முதல் பத்து இடங்களில் இருப்பவர்களில் பாதிப் பேர் மறுநாள் காலை அந்தப் பத்தில் இருக்கமாட்டார்கள். நம்மவர் மீண்டும் போனால் (போவார், ஆனால் இப்போது கேட்டால் இல்லை என்பார்) இருட்டும்போது முப்பதாவது இடத்தைச் சுற்றி இருப்பார், நள்ளிரவுக்குப் பிறகு ஆட்களைத் தாண்டத் தொடங்குவார். முதல் ஐந்துக்குள் முடிப்பார் என்கிறேன்.

இரண்டாவது, நம் கொம்யூன்களிலிருந்து இந்தத் தூரத்தில் அடுத்து பேர் வாங்கப்போவது ஒரு பெண். பெரிய மாரத்தான்களின் நேரப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பெண்கள் ஆண்களைவிடச் சீரான வேகத்தில் ஓடுவதாகத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முன்பாதியில் பறந்து பின்பாதியில் தவழ்வது பெரும்பாலும் ஆண்களின் வியாதி. 2008-இல் தொடங்கி, பிப்ரவரியில் செம்மண் பாதையில், பரிசும் தரவரிசையும் இல்லாமல் நடக்கிற ஆரோவில் மாரத்தானில் கடைசி பத்து கிலோமீட்டரில் நின்று பாருங்கள், யார் முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கிறது என்று.

மூன்றாவது, நம் ஆட்களுக்குப் பொருத்தமான பாலைவனம் டிசம்பர் தார் அல்ல, நிஜமாகவே கொதிக்கிற ஒன்று. பத்துப் பதினாலு நாள் வெயிலில் உழைத்தால் உடம்பு பழகிக்கொள்ளும், ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும் என்கிறது உடலியல். அதற்காக மற்ற ஊர்க்காரர்கள் வெந்நீர்த் தொட்டியிலும் சானா அறையிலும் உட்கார்ந்து காசைக் கரைக்கிறார்கள். கத்திரி வெயிலில் வில்லியனூர் பைபாஸில் ஒரு மணி நேரம் நடந்தால் இங்கே அது சும்மா கிடைக்கிறது. வெயில் கால ஓட்டம் ஒன்றுக்கு இங்கிருந்து இரண்டு பேர் போனால் ஒருவராவது பதக்கத்தோடு திரும்புவார். அந்த ஆள் முதல் மணி நேரத்தில் நடந்தார் என்று செய்தி வந்தால் குழுவில் யாரும் இரங்கல் போடாதீர்கள், அதற்குள் நான் வெற்றிச் செய்தியை எழுதத் தொடங்கியிருப்பேன்.