எண்கள் இருக்கின்றன, எலி எங்கே?

ஆய்வுத் தரவைப் பகிர்பவர்களுக்கும் அதை மறுபடி பயன்படுத்துபவர்களுக்கும் பரிசு தரப்போவதாக அமெரிக்காவின் உயிரியல் ஆய்வுச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாசெப்பும் தேசிய சுகாதார நிறுவனமும் 2022இல் அறிவித்தன. பெயர் டேட்டாவொர்க்ஸ் பரிசு, மொத்தத் தொகை 5 லட்சம் டாலர். 2023 ஜனவரி 25 முதல் அதே நிறுவனம், தன்னிடம் நிதி கேட்டு வருபவர்கள் தரவுப் பகிர்வுத் திட்டத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று விதித்தது. ஒரு கையில் மிட்டாய், மறு கையில் பிரம்பு. எலி, சுண்டெலி எலும்புகளை ஆராய்பவர்களிடம் இதற்குள் ஒரு சடங்கே உருவாகிவிட்டது: கட்டுரை அச்சேறும்போது ஓர் எக்ஸெல் கோப்பை ஸெனோடோ, டிரையட் போன்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுவது, அதன் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கட்டுரையின் கடைசியில் போடுவது, கடமை முடிந்தது என்று எழுந்துபோவது.

ஒன்றுமே வெளியே வராத காலத்துக்கு இது மேல் என்கிறார்கள் ஆதரவாளர்கள். மேல்தான். ‘கேட்டால் தரவு தருவோம்’ என்று எழுதிய 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் ஒரு குழு உண்மையிலேயே கேட்டுப் பார்த்து, முடிவை 2022இல் வெளியிட்டது. கொடுத்தவர்கள் 122 பேர். சில எலும்புகளை இன்னொரு முறை பெறவும் முடியாது. 2013இல் ரஷ்யாவின் பியோன்-எம்1 விண்கலத்தில் 45 சுண்டெலிகள் போயின. 30 நாள் கழித்து உயிரோடு திரும்பியவை 16. அவற்றின் எலும்பு அளவுகளை யாரும் பூட்டி வைக்கக் கூடாது. சுண்டெலியின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.எம்.பி.சி.யும் பாராட்டுக்குரியது. அங்கே எந்த வயதில், எந்தக் கருவியில், எந்த முறையில் எலும்படர்த்தி அளக்கப்பட்டது என்பது தரவோடு கூடவே வருகிறது.

ஆனால் ஐ.எம்.பி.சி. விதிவிலக்கு. பொதுக் களஞ்சியங்களில் குவிவது வேறு சரக்கு.

எலும்பை நுணுக்கமாக முப்பரிமாணத்தில் படமெடுக்கும் மைக்ரோ சி.டி. ஆய்வுக் கோப்பு ஒன்றில் வழக்கமாக இருப்பது, எலும்பின் உள்ளே வலைபோல் இருக்கும் பஞ்செலும்பு, அளந்த இடத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற எண். ‘கட்டுப்பாட்டுக் குழு’, ‘மருந்துக் குழு’ என்று இரண்டு தலைப்புகள், கீழே எண்களின் வரிசை. அந்த எண் எந்த எலியுடையது? ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் சி57பிஎல்/6ஜே இனத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பஞ்செலும்பு 6–8 வார வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைந்துகொண்டே போகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. குறிப்பாக நீள எலும்புகளின் முனைப் பகுதியில் இந்தச் சரிவு கடுமை. ஆகவே ‘வளர்ந்த சுண்டெலி’ என்று மட்டும் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றே.

வயதோடு நிற்கவில்லை. சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. அது வாழும் கூடமோ கோட்டு போட்ட மனிதருக்கு இதமான 22 டிகிரியில் இருக்கிறது. இந்தக் குளிரே வளரும் பெண் சுண்டெலிகளின் பஞ்செலும்பை முன்கூட்டியே கரைத்துவிடுகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. அறையின் வெப்பநிலையை எந்த எக்ஸெல் கோப்பில் தேடுவது?

கருவியின் கதையும் இதேதான். சுண்டெலியின் பஞ்செலும்புக் கம்பி சில பத்து மைக்ரான் தடிமன்தான். படத்தின் மிகச் சிறிய கனக்கூறான வாக்ஸல் பெரிதானால், கம்பி இருப்பதைவிடத் தடியாகத் தெரியும். எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேலே இருந்தால் எலும்பு என்று கணக்கிடுவது என்ற வரம்பைச் சற்றே நகர்த்தினால், அதே எலும்புக்கு வேறு சதவீதம் கிடைக்கும். இதைச் சரிபார்க்க ஒரே வழி அசல் ஸ்கேன் படங்களைக் கையில் வைத்து மறுபடி கணக்கிடுவது. அவை ஒவ்வொன்றும் பல ஜிகாபைட்; ஸெனோடோவின் வழக்கமான வரம்போ ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட். ஆகவே படங்கள் ஆய்வுக்கூடத்து வன்தட்டிலேயே தங்கிவிடுகின்றன, அட்டவணை மட்டும் உலகச் சுற்றுலா போகிறது. கட்டுரையில் ஏற்கெனவே சராசரியாக அச்சான எண்களைப் பிரித்துப் போடுவதற்குப் பகிர்வு என்று பெயர் வைப்பது தாராளம்தான்.

சூழல் தெரிந்தால் எண்ணின் பொருள் எவ்வளவு மாறும் என்பதற்கு டெரிபாரடைடு நல்ல சான்று. எலும்புத் தேய்மானத்துக்கான இந்த ஊசிக்கு 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதே, எலிகளுக்கு எலும்புப் புற்று வந்ததால், பெட்டியிட்ட எச்சரிக்கையும் சேர்ந்தே வந்தது. கட்டிகளின் எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் அந்த எலிகள் இளவயதிலிருந்து ஏறக்குறைய ஆயுள் முழுக்க மருந்து பெற்றவை. எலியின் எலும்பு வளர்வதோ மனிதனுடையதுபோல் நிற்பதில்லை. இந்த விவரங்கள் வெளியாகியிருந்ததால்தான் மருத்துவர்களால் அந்த எண்ணிக்கையை நிறுத்துப் பார்க்க முடிந்தது. மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தரவைப் பார்த்தபின், 2020இல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது.

விவரக்குறிப்புகள் மெதுவாக வந்து சேரும், முதலில் பழக்கம் வரட்டும் என்பது களஞ்சியக்காரர்களின் வழக்கமான சமாதானம். வராது. ஏற்றும் படிவம் தலைப்பு, ஆசிரியர், தேதி என்று கேட்கிறதே தவிர எலியின் வயதைக் கேட்பதில்லை. கேட்காததை யாரும் நிரப்புவதில்லை. கேட்க வேண்டியது என்னவென்று தெரியாமலும் இல்லை: கொறித்துண்ணிகளின் எலும்பை மைக்ரோ சி.டி.யில் அளப்பவர்கள் என்னென்ன குறிப்பிட வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகள் 2010இலேயே வந்துவிட்டன. வாக்ஸல் அளவும் வரம்பும் அவற்றில் உண்டு.

கண்டிப்பாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. மாலிக்குலர் பிரெய்ன் இதழின் ஆசிரியர் சுயோஷி மியாகாவா, 41 கட்டுரைகளுக்கு அசல் தரவைக் கேட்டார். 21 கட்டுரைகளை எழுதியவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி 20இல் 19, தரவு போதாமல் நிராகரிக்கப்பட்டன. அது நரம்பியல் இதழ். எலும்பியல் இதழ்களும் அதைச் செய்யட்டும். டி.ஓ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்தது போதும். கோப்பைத் திறந்து பார்க்கட்டும். எலியின் வயது, இனம், அறை வெப்பம், அசல் படங்கள் இல்லையென்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்பட்டும்.