வெட்டப்பட்ட அடிவாரம்

குன்றத்தூரிலிருந்து புகைப்படக் கலை பயிலும் மாணவர் ஒருவர் தம் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். முருகன் கோயில் மலைப்படி, விடியல் வெளிச்சம், ஏறும் கிழவி ஒருத்தி. அழகுதான். ஆனால் எடுத்தபடியே இருந்த மூலப் படத்தில், அடிவாரத்தில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்காக இரண்டு பெண்கள் தூக்கக் கலக்கத்துடன் நிற்கிறார்கள். ஒருத்தி அவருடைய அக்காவாம். "கவனத்தைக் கலைக்கிறது ஸார், கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டேன்" என்றார்.

வெட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1950-இல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த கார்த்தியே-பிரெஸ்ஸோன், படத்தை வெட்டக்கூடாது என்பதில் பிடிவாதக்காரர். அவரே 1932-இல் பாரிஸில் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டும் மனிதனின் படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். ஆனால் அவர் வெட்டியது லென்ஸுக்குக் குறுக்கே வந்த வேலிப் பலகையை.

படியேறும் கிழவியைக் காலண்டர்களில் எத்தனையோ பார்த்தாயிற்று. பஸ்ஸுக்கு நிற்கும் அந்தக் குன்றத்தூரோ, அங்கேயே பிறந்த சேக்கிழாரும் காணாதது. மூலப் படத்தையே எனக்கு ஒரு பிரதி கேட்டிருக்கிறேன்.