வாய்க்கால் வாரும் மலையேறிகள்

வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் பாதையைக் கெடுப்பது பூட்ஸ் கால்கள் மட்டுமல்ல, தண்ணீரும்தான். கால்கள் புல்லைத் தேய்த்து வைக்கும். மழை அந்தத் தடத்தையே ஓடையாக்கி மண்ணை வாரிக்கொண்டு போகும். அதைத் தடுக்கப் பாதைக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக, கல் பதித்த வடிகால்கள் உண்டு. இந்தப் பாதைகளைப் பழுதுபார்க்கும் 'ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ்' அமைப்பின் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு மலையேறி, அவற்றில் அடைத்துக் கிடக்கும் சரளையை வாரிப் போடுகிறார்கள். அடுத்த பெருமழைக்குப் பின் மறுபடி அதே வேலை. சம்பளம்? மூச்!

எனக்கு அதைவிடப் பிடித்தது அங்கே பாதையில் கல் பாவும் விதம். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். வெளியே தெரிவது முகம் மட்டும். பக்கத்துக் கல்லோடு இறுக்கி, இடுக்கில் சில்லுக்கல் செருகி, சிமென்ட் இல்லாமலே அசையாமல் நிறுத்துகிறார்கள். சதுப்பு நிலமென்றால் செம்மறி ரோமத்தை அடியில் விரித்து மேலே பாதை போடும் பழைய உத்தியும் உண்டு.

இவ்வளவு செய்தும், இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதென்று சிலர் ஓரப் புல்லில் நடப்பார்கள். அரிப்பு அங்கே புதிதாகத் தொடங்கும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது: தற்செயலாகக் கிடப்பதுபோல் ஓரத்தில் பாறைகளைப் போட்டு வைத்துவிடுகிறார்கள்!