சுயபுத்தியும் சொல்புத்தியும்: இரட்சணிய யாத்திரிகத்தில் ‘சாராமை’

ஆய்வுச்சுருக்கம்

விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் வரும் ‘சுயபுத்தி’ என்னும் சொல், தமிழ்க் கிறித்தவ வழக்கில் சிந்தனைக்கு விதிக்கப்பட்ட தடையாகவே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படுகிறது. அச்சொல்லின் தமிழ்ப் பொருட்பரப்பை முதலில் ஆராய்ந்து, எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இக்கருத்தை எவ்வாறு கையாள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தன்னறிவைச் சாராமை என்பது அறிவின் இன்மை ஆகாது. ஆற்றல் இருந்தும் அதன்மேல் சாயாத நிலையே அது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சுயபுத்தி, சொல்புத்தி, இரட்சணிய யாத்திரிகம், கிருஷ்ண பிள்ளை, பிரபத்தி, கேள்வி

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ஆலங்குளம். அதனை அடுத்த நல்லூரும் சுரண்டையும் 19ஆம் நூற்றாண்டில் சி.எம்.எஸ். சங்கத்தார் பணியாற்றிய ஊர்கள். இவ்வட்டாரத்துக் கிறித்தவ இல்லங்களின் சுவர்களில் தொங்கும் வசன அட்டைகளில் நீதிமொழிகள் 3:5 தவறாது இடம்பெறுவதைக் காணலாம். தன் புத்தியின்மேல் சாயாமல் முழு இருதயத்தோடும் இறைவனை நம்பும்படி பணிக்கும் வசனம் அது. தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கும், திருமணப் பேச்சில் தயங்கி நிற்கும் பெற்றோருக்கும் இவ்வசனமே அறிவுரையாகக் கூறப்படுகிறது. அவ்வாறு கூறப்படும்போது அது பெரும்பாலும் ‘நீ யோசிக்காதே’ என்னும் ஆணையாகச் சுருங்கிவிடுகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் ஒருவரிடம் இவ்வாணை என்ன விளைவை உண்டாக்கும் என்பது எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று. இவ்வினாவை இதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு புலவர் தம் காப்பியத்தின் வழியாக எதிர்கொண்டுள்ளார்.

‘சுயபுத்தி’ என்னும் சொல்

சீர்திருத்தத் திருச்சபையார் இன்றும் பயன்படுத்தும் தமிழ் விவிலியம் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பை அடியொற்றியது. ‘சுயபுத்தி’ அதில் காணப்படும் சொல்லாட்சி. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இவ்விடத்தில் ‘சொந்த அறிவாற்றல்’ என்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘பீனா’. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் திறனை அது குறிக்கும். இதே ‘பீனா’வைத் தேடிச் சம்பாதிக்குமாறு அதே நூலின் நான்காம் அதிகாரம் வற்புறுத்துகிறது என்பதை வசன அட்டைகள் மறைத்துவிடுகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் விலக்கப்பட்டதும் நான்காம் அதிகாரத்தில் ஏவப்பட்டதும் ஒரே ஆற்றல் எனில், விலக்கு அந்த ஆற்றலின்மேல் விழவில்லை. ‘சாய்தல்’ என்னும் வினையின்மேல் விழுகிறது. ஊன்றுகோலின்மேல் உடற்பாரத்தை இறக்கிவைப்பதைக் குறிக்கும் வினை அது.

தமிழில் இச்சொல் இன்னொரு சிக்கலையும் உடையது. ‘புத்தி’ என்பது தமிழ் வழக்கில் ஒருவருக்குள் இருக்கும் ஆற்றலை மட்டும் குறிப்பதில்லை. பிறர் சொல்லக் கேட்பதையும் குறிக்கிறது. புத்தி சொல்கிறோம், புத்தி கேட்கிறோம், புத்திமதி பெறுகிறோம். ‘சுயபுத்தியும் இல்லை, சொல்புத்தியும் இல்லை’ என்று ஒருவரைக் கடிந்துகொள்ளும் வழக்கில் இரண்டும் இணையாக வைக்கப்படுகின்றன, இரண்டுமே நற்பண்புகள், இரண்டும் அற்றவனே பேதை. விவிலிய வசனத்தைக் கேட்கும் தமிழ்ச் செவி, ‘சுயபுத்தி’ விலக்கப்பட்டவுடன் அதன் இணையாகிய ‘சொல்புத்தி’யை இயல்பாகவே நாடுகிறது. அப்போது எழும் வினா, யாருடைய சொல் என்பது. மேடையில் நிற்பவரின் சொல்லும் இறைவனின் சொல்லும் ஒன்றாகக் கொள்ளப்படும் இடர் இங்குத்தான் தோன்றுகிறது.

இவ்வினாவுக்குத் தமிழ் மரபில் முன்னரே ஒரு விடை உண்டு. திருக்குறளின் கேள்வி அதிகாரம், வழுக்கும் நிலத்தில் நடப்பவனுக்கு ஊன்றுகோல் எப்படியோ அப்படி உதவுவது ஒழுக்கமுடையோர் வாய்ச்சொல் என்னும் உவமையைக் கையாள்கிறது. எபிரேய நூல் கையாளும் ‘சாய்தல்’ உருவகமும் இதுவும் தம்முள் தொடர்பின்றியே ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எல்லார் சொல்லும் ஊன்றுகோல் ஆகாது. சொல்பவரின் ஒழுக்கம் அதற்கு அளவுகோல். கேள்வியை அடுத்து அறிவுடைமை அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதையும் நோக்க வேண்டும். கேட்டவன் சிந்திப்பதை நிறுத்திவிடலாம் என்று வள்ளுவர் கருதவில்லை.

கேட்டறிதல் என்னும் இந்நெறி சிற்றிலக்கியத்திலும் அமைந்துள்ளது. குற்றாலத்தை அடுத்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில், தலைவி தன் நெஞ்சின் தவிப்புக்குத் தானே விடை காண்பதில்லை. மலையிலிருந்து வரும் குறத்தி சொல்லக் கேட்கிறாள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியபோது இவ்வகைமையைக் கையாண்டார். குறி பார்ப்பதை விலக்கும் சமயத்தின் புலவர் குறத்தியையே விசுவாசத்தின் உருவகம் ஆக்கியது துணிவான செயல். அதே நூலில் ஐரோப்பிய வானியலையும் புவியியலையும் அவர் விரித்துப் பாடினார். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் அறிவும், தலைவி தேவமோகினி கேட்டறியும் சொல்லும் அந்நூலில் பகைமையின்றி உடனுறைகின்றன.

பண்டிதரும் பாத்திரம் செப்பனிடுபவரும்

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்று, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ‘நற்போதகம்’ இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களில் 3766 பாடல்களைக் கொண்டது இக்காப்பியம். இதன் மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதை. பனியன் பாத்திரம் செப்பனிடும் தொழிலர், முறையான கல்வி குறைந்தவர், சிறையில் வாடியவர். தன்னறிவைச் சாராதிருத்தல் அவருக்குப் பெரிய இழப்பு அன்று. சாய்வதற்குரிய கல்விச் செல்வம் அவரிடம் மிகுதியாக இருந்ததில்லை. கம்பனையும் ஆழ்வார்களையும் கற்றுத் தேர்ந்த பண்டிதருக்கோ அது வேறுவகைச் சோதனை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டத்தோடு நின்றுவிடும் ஆய்வுகள் அவருடைய நடையைப் போற்றுகின்றன. அந்நடைக்கும் கருத்துக்கும் இடையே நிகழும் போராட்டத்தைக் காணத் தவறுகின்றன.

பனியனின் கதையில் பயணி மூன்று இடங்களில் இச்சிக்கலைச் சந்திக்கிறான். முதலாவது, உலகியல் அறிஞர் ஒருவர் எதிர்ப்பட்டு, சுமையை இறக்கிவைக்க எளிய வழி உண்டென்று கூறி அவனைத் திசைதிருப்புகிறார். இங்கே பயணியைக் கெடுப்பது சுயபுத்தி அன்று, சொல்புத்தி. இதனைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு வற்புறுத்தவில்லை. அவர் பண்பாகப் பேசுகிறார். அவர் சொல் நியாயமாகவே ஒலிக்கிறது. இரண்டாவது, வழி கரடுமுரடாக இருப்பதால் பக்கத்துப் புல்வெளியின் ஊடே செல்லலாம் என்று பயணியே முடிவெடுக்கிறான். உடன்வந்த தோழன் ஐயுற்றும் அவன் கேட்கவில்லை. விளைவு, விரக்தி என்னும் அரக்கனின் நிலவறை. அங்கிருந்து அவனை விடுவிக்கும் திறவுகோலின் பெயர் வாக்குத்தத்தம். அது தொடக்கமுதலே அவன் மார்பில் இருந்தது; அவன்தான் மறந்திருந்தான். திறவுகோல் ஒரு சொல்லாக அமைந்திருப்பதும், அதை எடுத்துப் பூட்டில் பொருத்தும் கை பயணியுடையதாகவே இருப்பதும் கருதத்தக்கவை. மூன்றாவது, அறியாமை என்னும் பாத்திரம். தன் இருதயம் நன்றாயிருப்பதாகத் தன் இருதயமே சொல்கிறது என்பது அதன் வாதம். தன்னையே சான்றாகக் காட்டித் தன்னை நிறுவும் இவ்வாதத்தையே பனியன் மிகக் கடுமையாகத் தண்டிக்கிறார். விண்ணக வாயில்வரை வந்த பின்னரும் அப்பாத்திரம் திருப்பி அனுப்பப்படுகிறது.

ஆக, எவரேனும் சொல்வதைக் கேட்டு நடத்தலும் ஆபத்து. தன் எண்ணப்படி நடத்தலும் ஆபத்து. சொல்லைச் சோதித்தறிய வேண்டியிருப்பதால் பயணி சிந்திப்பதிலிருந்து விடுபட முடிவதில்லை. திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. நாசரேத்தில் சட்டம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் 1857இல் மிஷனரிகளைப் பிரிந்து தனித் திருச்சபை கண்டபோது, மிஷனரிகளின் வழக்கங்களை விவிலியத்தையே கொண்டு அளந்தார். அவருடைய முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு. போதகரின் சொல் இறைவனின் சொல்லோடு ஒன்றென்று அவர் கொள்ளவில்லை.

கட்டுண்டவரின் ஆற்றல்

பனியனின் கதையோட்டத்தைப் பின்பற்றும் கிருஷ்ண பிள்ளை ஓர் இடத்தில் பெரிதும் வேறுபடுகிறார். கிறித்துவின் பாடுகளைத் தம் வாசகர் அறிவர் என்று பனியன் கொண்டார். அவற்றை அவர் தனியே விரிக்கவில்லை. கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் அமைத்து அவ்வரலாற்றை விரிவாகப் பாடினார். நற்செய்தி வரலாற்றை அறியாத தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்பட்டது என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். அது உண்மையே, ஆயினும் போதாது. சாராமை என்னும் கருத்தே இதனால் இடம் மாறுகிறது.

பகைவர் இயேசுவைக் கயிற்றால் பிணித்த காட்சியை இதற்குக் காட்டலாம். அவரைக் கட்டி நிறுத்தியது கயிறு என்று எண்ணவேண்டா; தம்மைப் பகைத்த மாந்தருக்காக உருகும் அன்பே அவரைப் பிணித்தது என்பது அப்பகுதியின் கருத்து. ‘பாசம்’ என்னும் ஒரே சொல் கயிற்றையும் அன்பையும் குறிக்க வல்லது; சைவ மரபில் உயிரைப் பிணிக்கும் தளையையும் அச்சொல் குறிக்கும். புலவர் இப்பொருள் வளத்தை நன்கு பயன்கொள்கிறார். கட்டறுக்கும் ஆற்றல் உண்டு. அதன்மேல் அவர் சாயவில்லை. பனியனின் பயணி தவறிழைத்துத் தவறிழைத்துக் கற்கும் பாடம், இக்காப்பியத்தில் பயணத்தின் நடுவே ஓர் உருவமாக நிற்கிறது. கோட்பாட்டைச் சோதித்தல் என்னும் நிலையிலிருந்து ஒருவரைச் சரணடைதல் என்னும் நிலைக்கு நம்பிக்கை நகர்கிறது.

இந்நகர்வுக்கு வேர் வைணவத்தில் உள்ளது என்று கருத இடமுண்டு. இறைவனிடம் தன்னை ஒப்படைக்கும் பிரபத்தியில் உயிரின் பங்கு யாது என்பது தென்கலை, வடகலை மரபினர் நெடிது வாதிட்ட பொருள். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி என்னும் உவமைகள் இப்பகுதி மக்களும் அறிந்தவை. தன்முயற்சியைக் கைவிடல் என்பது அம்மரபில் சோம்பல் ஆகாது. கற்றுத் தேர்ந்த ஆசாரியர்கள் நுட்பமாக வாதிட்டு நிறுவிய முடிபு அது. சிந்தனையின் எல்லையைச் சிந்தித்தே காணும் இம்மனப்பாங்கு கிருஷ்ண பிள்ளையிடம் தொடர்கிறது. காப்பியத்தில் சரணாகதியைப் பாடியவர் 1898இல் இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலையும் எழுதினார். சமயங்களை ஆராய்ந்து முடிவு கூற முற்பட்ட நூல் அது. சுயபுத்தியை முற்றாகத் துறந்தவர் சமய நிர்ணயம் எழுதியிருக்க இயலாது.

காப்பியத்தின் தடை

இத்தகைய நுட்பம் வாய்ந்த காப்பியம் யாரிடம் சென்றது என்பதும் திறனாய்வுக்கு உரியதே. பனைத்தொழிலும் உழவும் செய்துவந்த சபை மக்களுக்கு இதன் நடை எட்டவில்லை. கம்பனைத் தோயக் கற்றவரே சுவைக்கத்தக்க சொற்புணர்ப்பும் வருணனையும் பக்கந்தோறும் நிறைந்துள்ளன. தன் கல்வியின்மேல் சாயாதே என்னும் பொருளைப் பாடும் நூல், கல்வியின் பெருமிதத்தோடு நடப்பதை முரணாகக் காண்பதில் தவறில்லை. அக்கல்வியையும் காணிக்கையாகப் படைத்தார் என்று அமைதி கூறுவோர் உண்டு. சில படலங்களுக்கு அவ்வமைதி பொருந்தும். நாடு, நகர வருணனைகள் பலவற்றுக்குப் பொருந்தாது. ஆங்காங்கே இடம்பெறும் தேவாரப் பகுதிகள் இக்குறையிலிருந்து பெரிதும் நீங்கியவை. அவற்றில் பண்டிதர் பின்வாங்க, பக்தரின் குரல் நேராகக் கேட்கிறது. 1899இல் வெளியிட்ட இரட்சணிய மனோகரத்தில் அவர் சிறு பாடல்களின் பக்கம் சென்றதையும் இதனோடு இணைத்துக் காணலாம்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலில் இக்காப்பியத்தின் இரட்சணிய சரித படலப் பாடல்கள் சில சேர்க்கப்பட்டன. கட்டுண்ட கிறித்துவை மாணவர் அங்கே காண்கின்றனர். அவரை நோக்கி வழி தவறியும் மீண்டும் நடக்கும் பயணி அப்பாடப்பகுதியில் இல்லை. பயணி இல்லாதபோது அக்காட்சி பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. புல்வெளியின் ஊடே நடந்தவனையும் மார்பில் திறவுகோல் இருந்ததை மறந்தவனையும் அதனோடு சேர்த்துப் படிக்கும் வகுப்பறையில், சுவரில் தொங்கும் வசனத்தின் ‘சுயபுத்தி’ எது, ‘சாய்தல்’ எது என்னும் வினாக்களை மாணவரே எழுப்ப முடியும்.