ஏற்பும் பணிவும்: 'இடுக்கணழியாமை' அதிகாரத்தை முன்வைத்து ஓர் உளவியல் நோக்கு

முன்னுரை

'ஏற்றுக்கொள்ளுதல்' என்னும் சொல் இன்று மனநல ஆலோசனையிலும் ஆன்மிகச் சொற்பொழிவிலும் ஒருங்கே வழங்குகிறது. சொல் ஒன்றாயினும் இரு துறைகளிலும் அதன் பொருள் ஒன்றன்று. இவ்வேறுபாடு கருதப்படாதபோது, அநீதியால் துன்புறுவோரை அடங்கியிருக்கச் சொல்வதும் 'ஏற்பு' எனப் பெயர் பெற்றுவிடுகிறது. திருக்குறளின் 63ஆம் அதிகாரம் இக்குழப்பத்தைத் தெளிவிக்க இடந்தருகிறது.

உளவியலில் ஏற்பு

எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில், இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளின் மனநிலைகளை மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என ஐந்தாகப் பகுத்தார். அவர் கருத்தில் ஏற்பு மகிழ்ச்சி நிலையன்று. உணர்வுகள் ஏறக்குறைய ஓய்ந்த நிலை. அங்கே மாற்றுதற்குரியது எதுவும் எஞ்சுவதில்லை.

ஸ்டீவன் ஹேஸ் முதலியோர் 1999இல் நூலாக விரித்துரைத்த ஏற்பு-கடப்பாட்டுச் சிகிச்சையோ இதனின் வேறுபட்டது. இங்கு ஏற்கப்படுவது அச்சம், துயரம், வேண்டா நினைவு முதலிய அக அனுபவங்களேயன்றி மாற்றத்தக்க புறச்சூழல் அன்று. அவற்றை விலக்க முயலும் முயற்சியே வாழ்வைச் சுருக்கிவிடுகிறது என்பது இச்சிகிச்சையின் அடிப்படை. எனவே ஏற்பு முடிவிடமன்று. தாம் மதிக்கும் விழுமியங்களின்படி செயற்படுவதற்கான வழியாகும்.

குறள் காட்டும் ஏற்பு

'இடுக்கணழியாமை' தனித்து நிற்கும் அதிகாரமன்று. முயற்சியைப் பேசும் 'ஆள்வினையுடைமை'யை (62) அடுத்து அது வைக்கப்பட்டுள்ளது. தெய்வத்தாலோ பொருளின்மையாலோ உடல் வருத்தத்தாலோ வினைமுயல்வானுக்கு நேரும் இடுக்கண் என்றே பரிமேலழகர் இயைபுபடுத்துகிறார். துன்பத்தை இயல்பெனக் கொள்பவன் துன்புறுவதில்லை என்னும் 628ஆம் குறளின் கருத்தும் இப்பின்னணியிலேயே பொருள்படும். துன்பம் வாராது என்று அக்குறள் கூறவில்லை. வந்த துன்பம் உள்ளத்தைக் கலக்கி வினையைக் கெடுக்காது என்பதே அதன் உட்கிடை. இவ்வகையில் குறள், கியூப்ளர்-ராஸின் இறுதிநிலையைவிட ஏற்பு-கடப்பாட்டுச் சிகிச்சைக்கே நெருங்கி நிற்கிறது.

ஊழின் வலிமையைக் கூறி முடியும் 38ஆம் அதிகாரம் இதற்கு மாறாகத் தோன்றலாம். ஆயின் தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என 62ஆம் அதிகாரம் முடிகிறது. ஊழை ஒப்புக்கொண்ட பின்னரும் முயற்சிக்கு இடமுண்டு என்பதே இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவார் பெறும் பொருள்.

ஆன்மிக ஏற்பு

சைவ சித்தாந்தத்தின் இருவினையொப்பு மற்றொரு தளத்தது. நல்வினை தீவினைப் பயன்களில் விருப்பும் வெறுப்புமின்றி உயிர் ஒப்ப நோக்கும் இந்நிலை, திருவருட் பதிவுக்கு முன்னிலையாகும். சிகிச்சை நாடுவது வாழ்வுக்குள் செம்மையான இயக்கம். சித்தாந்தம் நாடுவது பாச நீக்கம். மனச்சமநிலை இரண்டிலும் தோன்றுதல் கொண்டு இவற்றை ஒன்றெனக் கூறுதல், சிகிச்சையைச் சமயமாக்குவதோடு சமயத்தை வெறும் மன ஆறுதலாகவும் குறுக்கிவிடும்.

யாருக்கு உரைக்கப்பட்டது?

பரிமேலழகர் பகுப்பின்படி 39 முதல் 63 வரையுள்ள 25 அதிகாரங்கள் அரசியல் எனப்படும். அவற்றுள் இறுதியானது இடுக்கணழியாமை. ஆகவே அவ்வறிவுரை முதலில் செயலாற்றும் வலிமையுடையோனை நோக்கியது. அதே அரசியலில் இடம்பெறும் 'கொடுங்கோன்மை' (56), துன்பம் பொறாது குடிகள் வடிக்கும் கண்ணீர் ஆள்வோனின் செல்வத்தைத் தேய்க்கும் படையாகும் என எச்சரிக்கிறது. அக்கண்ணீரை அடக்கிக்கொள்ளுமாறு குடிகளுக்கு அது கூறவில்லை. வலியோனுக்குரிய உரத்தை எளியோனுக்குரிய பணிவாக மாற்றியுரைப்பது நூலின் நோக்கத்தையே தலைகீழாக்குவதாகும்.

முடிவுரை

ஏற்பு என்னும் சொல்லைக் கையாளும் ஆய்வுகள், ஏற்கப்படுவது யாது, ஏற்பவர் யார், ஏற்பின் பின் நிகழ வேண்டுவது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறுதல் வேண்டும். அகத்துயரை ஏற்றல் செயலுக்கு வழி திறக்கும். நீக்கத்தக்க கொடுமையை ஏற்கச் செய்தல் அவ்வழியை அடைக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே உளவியலையும் தமிழ் அறநூல்களையும் ஒப்பிடும் ஆய்வின் முதற்கடமையாகும்.